மதிலோரத்து ரோமர்கள்

கேள்வி: பிள்ளைகளுக்கான வரலாற்றுக் கார்ட்டூன் ஒன்றில், ரோமர் ஆண்ட பிரிட்டனில் ஒரு படை அதிகாரியின் வீட்டைக் காட்டினார்கள். அப்பா கறுப்பு, அம்மா வெள்ளை, இரண்டு பிள்ளைகள். இன்றைய லண்டனைத் தூக்கிக்கொண்டுபோய் 1,900 ஆண்டுக்கு முன்னால் வைப்பது வரலாறா, அரசியலா? மாட்டுவண்டிக் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியாவிலிருந்தும் யார் அவ்வளவு தூரம் போயிருப்பார்கள்?

– ஒரு வாசகர், தஞ்சாவூர்

பதில்: போனார்கள். அதிலும் பலர் தாங்களாக விரும்பிப் போகவில்லை. உங்கள் கேள்வியிலும் கார்ட்டூனிலும் விட்டுப்போன விஷயம் அதுதான்.

கி.பி. 122இல் ஹாட்ரியன் பேரரசர் காலத்தில் பிரிட்டனின் வடக்கே, கடலிலிருந்து கடல்வரை ஏறத்தாழ 117 கிலோமீட்டருக்கு மதில் எழுப்பத் தொடங்கினார்கள். அதன் கிழக்குக் கோடிக்கு அருகே, இன்றைய சவுத் ஷீல்ட்ஸில், ஒரு கோட்டை. அங்கே கிடைத்த கல்லறைக் கல் ஒன்றைப் பற்றிச் சொல்கிறேன். பிரம்பு நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். மடியில் நூல் நூற்கும் கதிர், காலடியில் கூடை நிறையக் கம்பளி உருண்டைகள், ஒரு கை நகைப்பெட்டியைத் திறக்கிறது. முகம் சிதைந்துபோய்விட்டது. பெயர் ரெஜினா, வயது 30. தென் பிரிட்டனின் கட்டுவெல்லௌனி இனத்தவள். கல்லை வைத்தவன் கணவன் பாரத்தேஸ், சிரியப் பாலைவனத்துப் பல்மைரா ஊர்க்காரன். இவளை அடிமையாக வைத்திருந்து, விடுதலை செய்து, மணந்துகொண்டவன். மேலே லத்தீனில் எழுதியிருப்பதில் இலக்கணப் பிழைகள் மலிந்திருக்கின்றன. கீழே அவன் ஊர் எழுத்தில் ஒரே ஒரு வரி: ‘ரெஜினா, பாரத்தேஸ் விடுவித்தவள், ஐயோ.’ அந்த வரி அழகாக ஓடுகிறது. கோட்டைப் பக்கம் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? அவனுக்கு அது பொருட்டில்லை.

இந்தக் கல்லைக் காட்டி ‘பார்த்தீர்களா, அன்றே எவ்வளவு அழகான கலப்பு!’ என்று உருகுகிறவர்களும் உண்டு. அவர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கதையில் ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் இரண்டு பேர். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தாண்டி வந்த பாரத்தேஸ் ஒருவன். சொந்தத் தீவுக்குள்ளேயே விற்கப்பட்டு வடக்கே வந்து சேர்ந்த ரெஜினா இன்னொருத்தி. அவளிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள்.

அதே கோட்டையில் இன்னொரு கல். விக்டர், 20 வயது, மூர் இனத்தவன், அதாவது வடமேற்கு ஆப்பிரிக்கன். ஸ்பெயின் நாட்டு அஸ்தூரியர் பெயரில் அமைந்த குதிரைப்படையின் வீரன் நுமேரியானுஸ் விடுவித்த அடிமை. ஆப்பிரிக்கப் பையன், ஸ்பானியப் படைப்பிரிவு, பிரிட்டன் மண்.

இப்படி ஆட்கள் கலந்ததற்குக் காரணம் ரோமின் பரந்த மனசு இல்லை, படை நிர்வாகம். கி.பி. 69இல் ரைன் நதிக்கரையில் பட்டாவியர் என்ற இனத்தார் கலகம் செய்தபோது, அந்த மண்ணிலேயே ரோம் திரட்டிய துணைப்படைகள் (ரோமக் குடியுரிமை இல்லாதவர்களைக் கொண்ட படைகள்) கலகக்காரர்களோடு சேர்ந்துகொண்டன. சொந்த ஊர்ப் பக்கத்தில் ஆயுதத்தோடு ஆளை வைத்தால் என்ன ஆகும் என்று ரோமுக்கு நன்றாகவே புரிந்தது. அதே பட்டாவியர் படை கி.பி. 100 வாக்கில் வட பிரிட்டனின் வின்டோலாண்டா கோட்டையில் காவல் காக்கிறது. கி.பி. 175இல் தான்யூப் பக்கத்துச் சர்மாத்தியர் தோற்று, 8,000 குதிரை வீரர்களைக் கொடுத்துச் சமாதானம் செய்துகொண்டார்கள். அவர்களில் 5,500 பேரை பேரரசர் மார்க்கஸ் அவுரேலியுஸ் பிரிட்டனுக்கு அனுப்பிவிட்டார் என்று ரோம வரலாற்றாசிரியர் காசியுஸ் தியோ எழுதுகிறார். இதற்குப் பெயர் குடியேற்றமா, நாடுகடத்தலா என்று நீங்களே சொல்லுங்கள். துணைப்படையில் 25 ஆண்டு உழைத்தால் ரோமக் குடியுரிமை கிடைத்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். அதற்காகவே சேர்ந்தவர்களும் உண்டு.

அதிகாரிகளுக்கு வருவோம். கி.பி. 140 வாக்கில் பிரிட்டனின் ஆளுநராக இருந்து இன்னும் வடக்கே இரண்டாவது மதிலைக் கட்டிய லோலியுஸ் உர்பிகுஸ் இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தித்திஸ் என்ற சிற்றூர்க்காரர். லிபியாவின் லெப்திஸ் மாக்னாவில் பிறந்த பேரரசர் செப்திமியுஸ் செவெருஸ் 211இல் யார்க் நகரில்தான் இறந்தார். மதிலின் மேற்குப் பக்கம் பர்க் பை சாண்ட்ஸ் கோட்டையில் மூர் படைப்பிரிவு ஒன்று இருந்ததை, அருகில் கிடைத்த மூன்றாம் நூற்றாண்டுப் பலிபீடக் கல்வெட்டு சொல்கிறது. ஆகவே, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அதிகாரி என்பது கட்டுக்கதை இல்லை.

ஆனால் ஆப்பிரிக்காவில் பிறந்தவர் என்றாலே இன்று நாம் சொல்கிற கறுப்பர் என்று ஆகிவிடாது. உர்பிகுஸின் நிறத்தை எந்தக் கல்வெட்டும் சொல்லவில்லை. கல்வெட்டுக்காரர்களுக்கு வேண்டியது ஊர், இனம், பதவி, அடிமையா சுதந்திரனா என்பதுதான். படைப்பிரிவின் பெயரையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. சிரிய வில்லாளர் படை என்று பெயர் இருக்கும். இரண்டு தலைமுறை கழித்து உள்ளே இருப்பவர்களில் பலர் உள்ளூர்ப் பிள்ளைகளாக இருப்பார்கள்.

எலும்புகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். தென்கரையில் பீச்சி ஹெட் அருகே கிடைத்த ஒரு ரோமர் காலத்துப் பெண்ணை ஆப்பிரிக்கர் என்று அறிவித்து, நினைவுப் பலகைகூட வைத்தார்கள். 2025இல் வெளிவந்த டிஎன்ஏ ஆய்வு அவள் உள்ளூர்க்காரி என்றது. யார்க்கில் தோண்டியெடுத்த ரோமர் காலத்து ஆண்கள் 7 பேரின் டிஎன்ஏவை ஆராய்ந்து 2016இல் சொன்னார்கள்: 6 பேர் பிரிட்டன் வம்சம், ஒருவர் மத்திய கிழக்கு. படையும் வணிகமும் இருந்த இடத்தில் பல ஊர் ஆட்கள். நாலு காதம் தள்ளிப்போனால் ஆடு மேய்க்கிற, பார்லி விதைக்கிற பழைய குடிகள். கார்ட்டூன் காட்டுகிற வீடு கோட்டைக்குப் பொருந்தும். மாகாணம் முழுக்க அப்படித்தான் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

தூரம் போவதைப் பற்றிக் கேட்டீர்கள் அல்லவா? வின்டோலாண்டாவில் மண்ணுக்கடியில் கிடைத்த மெல்லிய மரப்பலகைக் கடிதங்களிலும் கணக்குகளிலும் ஒரு வரி: தாப்போவின் மகன் காம்பாக்ஸ், மிளகு, 2 தெனாரியுஸ் (ரோம வெள்ளி நாணயம்). அந்த மிளகு முசிறிப் பக்கத்துக் கரையைவிட்டால் வேறு எங்கிருந்து போயிருக்கும்? நம் சேரநாட்டு மிளகு போய்ச் சேர்ந்த ஊருக்குச் சிரியாக்காரன் போகக் கூடாதா?

சரி, கார்ட்டூனில் நான் காணும் குறையைச் சொல்கிறேன். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் என்று எழுதியிருக்கிறீர்கள். அடிமை எங்கே? ரோமப் படை அதிகாரியின் வீட்டில் தண்ணீர் சுமப்பதும் சமைப்பதும் கணக்கு எழுதுவதும் வேறு யார்? வின்டோலாண்டாவில் ஒரு படைத்தலைவரின் அடிமையான காந்திதுஸுக்கு செவெருஸ் என்பவன் எழுதிய கடிதம் இருக்கிறது. சத்தர்னாலியா பண்டிகை வருகிறது, செலவைப் பார்த்துக்கொள், அரை தெனாரியுஸுக்குக் குறையாமல் முள்ளங்கி வாங்கு என்று ‘சகோதரா’ போட்டு எழுதியிருக்கிறான். அப்பாவின் நிறத்துக்காகப் புகார் எழுதுகிற நேரத்தில், இந்தக் காந்திதுஸை ஏன் காட்டவில்லை என்று ஒரு கடிதம் போடுங்கள். நானும் கையெழுத்துப் போடுகிறேன்.