பதினாறு வயதில் காலேஜ் மார்க்

கேள்வி: மகள் பதினோராம் வகுப்பு போகிறாள். பக்கத்து கம்யூனிட்டி காலேஜோடு (இரண்டாண்டுக் கல்லூரி) சேர்ந்து அவள் பள்ளியில் இந்த வருடம் டூயல் கிரெடிட் தொடங்குகிறார்கள். சேர்க்கலாமா?
- ஒரு வாசகி, ஹூஸ்டன்

பதில்: சேர்க்கலாம். அப்படியொரு காலேஜில்தான் நான் ஆங்கிலம் 1301 என்ற முதலாண்டுக் கட்டுரைப் பாடம் நடத்துகிறேன். படிப்பது ஒரு பாடம், பள்ளிக் கணக்கிலும் ஏறும், காலேஜ் கணக்கிலும் ஏறும். எல்லா அரசுக் கல்லூரிகளிலும் படிக்க வேண்டிய 42 கிரெடிட் பொதுப் பாடத்தொகுப்பில் உள்ள பாடம் என்றால் டெக்சஸ் அரசுப் பல்கலைக்கழகங்கள் ஏற்றுக்கொள்ளும். தனியார், வெளிமாநிலம் என்றால் அங்கேயே கேட்டுவிடுங்கள்.

என் கவலை வேறு. இங்கே வாங்கும் மார்க் காலேஜ் டிரான்ஸ்கிரிப்டில், அதாவது மார்க் பதிவேட்டில், நிரந்தரமாக உட்கார்ந்துவிடும். போன வருடம் என் வகுப்பில் ஒரு பையன், கெட்டிக்காரன். மூன்று கட்டுரைகளை ஞாயிறு இரவு 11.58-க்கு அனுப்பினான். நான்காவது வரவே இல்லை. கிடைத்தது 'சி'. அவன் அம்மா எனக்கு மெயில் போட்டார். காலேஜில் மார்க் விவரம் மாணவனுக்கே உரியது, அவன் ஒப்புதல் இல்லாமல் நான் அவரிடம் எதுவும் சொல்ல முடியவில்லை. (நானும் அம்மாதான், சங்கடமாகத்தான் இருந்தது.)

சரி, முதல் செமஸ்டரில் ஒரே பாடம் போதும். காலேஜ் மெயிலை உங்கள் மகளே திறந்து பார்க்கட்டும், பாஸ்வேர்டை நீங்கள் கேட்காதீர்கள்.