இயேசுவின் போதனைகளைச் சாதாரணக் கிறிஸ்தவர் ஒருவர் தினசரி வாழ்க்கையில் கடைப்பிடிப்பது எப்படி?

ஞாயிறு தவறாமல் ஆராதனைக்குப் போகிறேன், காலையில் வேதம் வாசிக்கிறேன், ஆனாலும் திங்கட்கிழமை வேலைக்குப் போனதும் எல்லாம் பழையபடி ஆகிவிடுகிறது என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். எனக்கும் பல வருடம் அப்படித்தான் இருந்தது. அதை அசைத்துப் பார்த்தது மத்தேயுவில் ஒரு வசனமும் பக்கத்து வீட்டு அடிபம்பும்.

நான் வடசென்னைக் கொருக்குப்பேட்டைக்காரன். எங்கள் தெருவில் வாசலுக்கு வாசல் மெட்ரோ வாட்டர், அதாவது சென்னைக் குடிநீர் வாரியத்தின் அடிபம்பு உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே குழாயில்தான் தண்ணீர். 2019 கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் வறண்டு கிடந்தபோது எங்களுக்குத் தண்ணீர் வருவதே அபூர்வம். வந்தாலும் விடியற்காலையில் அரைமணி நேரம். நான் ஒரு சின்ன மோட்டார் வாங்கி, குழாயோடு இணைத்து உறிஞ்ச ஆரம்பித்தேன். அப்படி நேரடியாக இழுக்கத் தடை இருப்பது தெரியும். வீட்டில் வயதான அம்மா, இரண்டு பிள்ளைகள், வேறு என்ன செய்வது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

மோட்டார் ஓடும் நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா பம்பு அடிக்கும் சத்தம் கேட்கும். தண்ணீர் ஏறினால் கைப்பிடி கனத்து, நிதானமாக இறங்கும். ஏறாவிட்டால் லேசாக டக், டக் என்று விழும். உள்ளேயிருந்து காற்று இழுக்கும் சத்தம் மட்டும் வரும். நான் அந்த நேரத்தில்தான் முழங்காலில் நின்று ஜெபிப்பேன். ஜெபித்துக்கொண்டே அந்த டக் டக்கைக் கேட்டிருக்கிறேன். கொஞ்ச நேரம் கழித்து அவர் குடங்களைத் தூக்கிக்கொண்டு லாரித் தண்ணீருக்காகத் தெருமுனைக்குப் போவார்.

அப்பமும் திராட்சரசமும் பகிரும் அந்த மாதத் திருவிருந்து ஞாயிறு அன்று மத்தேயு 5-ஆம் அதிகாரம் வாசித்தார்கள். பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்த இடத்தில், "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் அவனோடு ஒப்புரவாகு என்று இயேசு சொல்கிற இடம். சின்ன வயதிலிருந்து மனப்பாடம்தான். ஆனால் எனக்கு யார்மேலோ குறை இருந்தால் என்றே அதுவரை புரிந்துவைத்திருந்தேன். இயேசு சொல்வது தலைகீழ். எனக்கு யார்மேலும் வருத்தம் இல்லாமல் இருக்கலாம், நான் நிம்மதியாகத் தூங்கலாம். என்னால் அடிபட்டவர் ஒருவர் இருக்கிறாரா என்பதே அவருடைய கேள்வி.

இன்னொன்றும் யோசித்துப் பாருங்கள். இதைக் கேட்டவர்கள் கலிலேயாவில் இருந்தார்கள். பலிபீடமோ எருசலேமில். இடையில் ஏறக்குறைய 120 கிலோமீட்டர். இங்கிருந்து திண்டிவனம்வரை நடப்பது போல. நாள்கணக்கில் நடந்து ஆட்டையோ புறாவையோ கொண்டுவந்தவனிடம், அப்படியே வைத்துவிட்டு ஊருக்குத் திரும்பிப் போ, சமாதானமாகிவிட்டு வா என்கிறார். தேவனே அத்தனை நாள் காத்திருக்கிறேன் என்கிறார். எனக்குக் குறுக்கே இருந்ததோ ஒரே ஒரு சுவர்.

எங்கள் சி.எஸ்.ஐ. ஆராதனை முறையே இந்த வசனத்தின் வரிசையில்தான் இருக்கிறது. தென்னிந்தியத் திருச்சபை 1947-இல் உருவாகி, சில வருடங்களில் அமைத்த திருவிருந்து முறையில் காணிக்கைக்கு முன்னால் ஒருவருக்கொருவர் கைகளைப் பற்றிச் சமாதானம் கொடுக்கும் பகுதி வரும். எத்தனையோ வருடம் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துச் சிரித்திருக்கிறேன். ஏன் அது காணிக்கைக்கு முன்னால் வருகிறது என்று அன்றுதான் உறைத்தது.

உறைத்ததே தவிர எழுந்து போகவில்லை. காணிக்கையும் போட்டேன், திருவிருந்தும் எடுத்தேன். புதன்கிழமை சாயங்காலம்தான் அக்கா வீட்டு வாசலில் போய் நின்றேன். மோட்டார் விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். முறத்தைக் கீழே வைக்கவில்லை.

"எனக்குத் தெரியும் தம்பி. அடிச்சி அடிச்சித் தோளு போயிடுச்சி. வந்து கேக்கலாம்னுதான் இருந்தேன். சர்ச்சுக்குப் போற குடும்பம், பைபிளும் கையுமா போறீங்க, தப்பா எடுத்துப்பீங்களோன்னு வுட்டுட்டேன்."

எனக்கு இன்றும் அதைத் தாங்க முடியவில்லை. என் பக்தியே அவர் வாயை அடைத்திருக்கிறது. அவர் கிறிஸ்தவர் இல்லை. 'சகோதரன்' என்பதில் அவரும் உண்டா என்று யாராவது கேட்டால், அடிபட்டுக் கிடந்தவனுக்கு வேற்று இனத்தான் ஒருவனே உதவிய நல்ல சமாரியன் உவமையை வாசியுங்கள் என்பேன்.

மோட்டாரைக் கழற்றினேன். அவர்கள் குடம் நிரம்பும்வரை நாங்கள் பம்பில் கை வைப்பதில்லை என்று அம்மா முறை வைத்தார். இயேசுவைச் சந்தித்த வரி வசூலிப்பவன் சகேயு, தான் அநியாயமாக வாங்கியதை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றானே, அதையும் சேர்த்துத்தான் யோசித்தோம். வெறும் 'சாரி'யால் யார் வீட்டுக் குடமும் நிரம்பாது.

சரி, இதில் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சபைகளில் இந்தப் போதனையை அடிபட்டவர் பக்கம் திருப்பிவிடுகிறோம். குடித்துவிட்டு அடிக்கிற கணவனை விட்டுவிட்டு, அடி வாங்கிய பெண்ணிடம் போய் 'மன்னிச்சிடும்மா, வேதம் சொல்லுது' என்கிறோம். அந்த வசனத்தில் காணிக்கையோடு நிற்பவன் அடித்தவன். நடக்க வேண்டியவனும் அவனே. அந்தப் பெண் முதலில் பாதுகாப்பான இடத்துக்குப் போக வேண்டும். அதற்கு உதவுவது சபையின் வேலை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். இந்த வசனம் வரும் மலைப்பிரசங்கம் (மத்தேயு 5 முதல் 7 வரை) மூன்று அதிகாரத்தையும் ஒரேயடியாக வாழ்ந்துவிடப் பார்க்காதீர்கள். இந்த வாரம் ஜெபிக்கும்போது, யார் என்னைப் பற்றிக் கேட்டால் முகம் சுளிப்பார் என்று யோசியுங்கள். ஒரு பெயர் வரும். சனிக்கிழமைக்குள் போய்விடுங்கள். வேதாகமத்தைக் கையில் எடுத்துப் போகாதீர்கள், வசனம் பேசாதீர்கள். 'உங்களைப் புண்படுத்தியிருந்தால்' என்று ஆரம்பிக்காதீர்கள். செய்ததைச் செய்தேன் என்று சொல்லுங்கள். உள்ளதை உள்ளதென்று சொல்லச் சொன்னவரும் அவர்தானே.

எல்லோரும் அக்காவைப் போலப் பேசிவிட மாட்டார்கள். கூட வேலை செய்த ஒருவரிடம் 15,000 ரூபாய் கைமாற்று வாங்கி, அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று ஒரு வருடத்துக்கு மேல் இழுத்தேன். அந்தப் பணம் அவர் மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வைத்திருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. முழுவதையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மன்னிப்புக் கேட்க இரண்டு முறை தண்டையார்பேட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். இரண்டு முறையும் கேட்டுக்கு வெளியிலேயே வைத்து, "வேலை இருக்கு, அப்புறம் பார்க்கலாம்" என்றார். அவர் மகளுக்கு வேலை கிடைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அடுத்த மாதம் மறுபடி போகிறேன்.