இந்தியாவில் மணமுறிவு: முத்திரைத்தாளில் கையெழுத்திடலாமா?

கேள்வி: ஐயா, வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்பூட் வட்டாரத் தோட்டமொன்றில் பால்மரம் சீவி ஓய்வு பெற்றவன் நான். என் மகளுக்குத் தஞ்சாவூரில் இந்து முறைப்படி திருமணம் நடந்தது. கணவரோடு அங்கேயே வாழ்ந்தவள், கைக்குழந்தையுடன் எங்களிடம் திரும்பி வந்து ஒன்றரை ஆண்டுக்கு மேலாகிறது. இப்போது மருமகன் வீட்டார் முத்திரைத்தாள் ஒன்றை அனுப்பி, கையெழுத்துப் போட்டால் இருவருக்கும் விடுதலை என்கிறார்கள். மறுத்தால் வழக்குத் தொடுப்பார்களாம். என்ன செய்வது?

பதில்: அந்தத் தாளில் உங்கள் மகள் கையெழுத்திட வேண்டாம். 1955ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டப்படி, நீதிமன்றத் தீர்ப்புதான் திருமணத்தை முறிக்கும். சில சமூகங்களின் வழக்காற்று மணமுறிவைச் சட்டம் விட்டுவைத்திருக்கிறது என்றாலும், அப்படியொரு வழக்காறு உண்டென்று சாட்சியத்தோடு மெய்ப்பிக்க வேண்டும். வெறும் தாளை நம்பி உங்கள் மகள் மறுமணம் செய்தால், அந்தத் திருமணம் செல்லாமல் போகும் ஆபத்து உண்டு.

இருவருக்கும் பிரிய விருப்பமென்றால், அச்சட்டத்தின் 13பி பிரிவின்கீழ், திருமணம் நடந்த தஞ்சாவூர்ப் பகுதிக்குரிய குடும்ப நல நீதிமன்றத்தில் கூட்டாக மனுச் செய்யலாம். மனுவுக்கு முன் ஓராண்டாவது பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்ற விதி உங்கள் மகளுக்குப் பொருந்துகிறது. முதல் மனுவுக்குப் பின் ஆறு மாதம் கழித்து, பதினெட்டு மாதத்துக்குள், இருவரும் மீண்டும் தங்கள் சம்மதத்தை உறுதிசெய்ய வேண்டும். ஆனால் 2017இல் அமர்தீப் சிங் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம், மனுவுக்கு முன்பே ஒன்றரை ஆண்டுப் பிரிவு கழிந்து, சமரச முயற்சி தோற்று, ஜீவனாம்சமும் குழந்தைப் பொறுப்பும் முடிவாகியிருந்தால், அந்த ஆறு மாதக் காத்திருப்பை நீதிபதி தள்ளுபடி செய்யலாம் என்றது. உங்கள் மகள் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

பணமும் குழந்தையும் முதல் மனுவுக்கு முன்பே எழுத்தில் தீர வேண்டும். நகை, சீதனப் பொருள், குழந்தையின் மாதச் செலவு, தந்தை குழந்தையைப் பார்க்கும் முறை ஆகிய அனைத்தும் அதில் இடம்பெறட்டும். குழந்தைக்கான பராமரிப்பைத் தாய் விட்டுக்கொடுக்கிறார் என்ற வரி இருந்தால், அதை நீக்கச் சொல்லுங்கள். அது குழந்தையின் உரிமை.

மற்றவரின் சம்மதமின்றி ஒருவர் மட்டும் தொடுக்கும் மணமுறிவு வழக்கு வேறு வகை. அதில் கொடுமை, இரண்டாண்டு கைவிடல் போன்ற காரணமொன்றைக் கூறி மெய்ப்பிக்க வேண்டும். அழைப்பாணை, எதிருரை, சமரசப் பேச்சு, சாட்சியம், குறுக்கு விசாரணை என்று வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுபடுவதுண்டு. உங்கள் மகள் தாய்வீட்டில் இருப்பதையே கைவிடல் என்று அவர்கள் காட்டக்கூடும். கொடுமை தாங்காமல் வந்தவரென்றால் அது நியாயமான காரணம். ஆகவே மருத்துவச் சீட்டுகளையும் செய்திகளையும் இப்போதே பத்திரப்படுத்துங்கள். அழைப்பாணை வந்தால் அலட்சியமாக இருந்துவிடாதீர்கள், ஏனெனில் வராதவருக்கு எதிராக ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பளிக்க நீதிமன்றத்தால் முடியும். வழக்கு நடக்கும்போதே 24ஆம் பிரிவின்கீழ் இடைக்காலச் செலவுத்தொகை கேட்கவும் வழியுண்டு.

ஈப்போ உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்தால் போதாதா என்றும் பலர் கேட்கிறார்கள். கணவர் பங்கேற்காமலும் சம்மதிக்காமலும் இங்கே பெறும் தீர்ப்பை, 1991இல் நரசிம்ம ராவ் வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த விதிகளின்படி இந்திய நீதிமன்றங்கள் ஏற்க மறுக்கலாம். இங்கே முறிந்து அங்கே முறியாத திருமணம் இருவருக்கும் தொல்லை.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் மகள் விமானம் ஏற வேண்டியதில்லை. கோலாலம்பூரிலுள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றுறுதி பெற்ற அதிகாரப் பத்திரத்தின் மூலம் நம்பகமான உறவினரை நியமிக்கலாம். வாக்குமூலத்தைக் காணொலி வழியே அளிக்க அனுமதி கேட்கலாம், ஆனால் அது நீதிபதியின் முடிவு.

கேள்வி: கூட்டு மனு போட்ட பிறகு மகள் மனம் மாறினால்?

பதில்: இறுதித் தீர்ப்புக்கு முன் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1991இல் சுரேஷ்டா தேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. கணவருக்கும் அதே உரிமை உண்டு. ஆகவே பேசிய தொகையில் ஒரு பகுதியை முதல் மனுவின்போதே பெற்றுக்கொள்ள உங்கள் வழக்கறிஞரிடம் சொல்லுங்கள்.