காக்கா ‘தாத்தா’ ஆகும்போது

கேள்வி: என் மகனுக்கு நாலரை வயது. காக்காவைத் ‘தாத்தா’ என்கிறான், கடையைத் ‘தடை’ என்கிறான். ‘ழ’வும் வரவில்லை. எத்தனை முறை திருத்தினாலும் பயனில்லை. நாக்கில் வசம்பு தடவச் சொல்கிறார்கள். அடிக்கடி மதுரைக்கு வர வசதியில்லை. வீட்டிலேயே விளையாட்டாகப் பழக்க முடியுமா? – உசிலம்பட்டி வாசகி

பதில்: முடியும். ஆனால் ஒரே ஒரு முறை மதுரைக்கு வந்துதான் ஆகவேண்டும், காதைச் சோதிப்பதற்காக. அரசு இராசாசி மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டுங்கள். சரியாகக் கேட்காத ஒலியை எந்தப் பிள்ளையாலும் சரியாகச் சொல்ல முடியாது.

வசம்பு வேண்டாம். ‘த’ நாக்கின் நுனியில் பிறக்கிறது. ‘க’ நாக்கின் பின்பகுதி மேலண்ணத்தைத் தொடுவதால் வருகிறது. உங்கள் மகன் இடம் மாறித் தொடுகிறான், அவ்வளவுதான். ‘சொல்லு, சொல்லு’ என்று நச்சரிப்பதையும் இன்றோடு நிறுத்திவிடுங்கள். தான் சொல்வது தப்பு என்பதே அவனுக்குத் தெரியாதபோது எதைத் திருத்துவான்?

அதைத் தெரியவைக்கக் கடை விளையாட்டு போதும். ஒரு கீரைக்கட்டையும் ஒரு தட்டையும் தரையில் வையுங்கள். முதல் சில நாட்கள் நீங்கள் சொல்ல, அவன் எடுக்கட்டும். நாக்கைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடாமல் இருக்க, முந்தானையால் வாயை மறைத்துக்கொண்டு ‘கட்டு’, ‘தட்டு’ என்று மாற்றி மாற்றிச் சொல்லுங்கள். தடுமாறாமல் எடுக்கிறான் என்றால் நீங்கள் கடைக்காரர், அவன் வாடிக்கையாளர். கீரை கேட்க நினைத்து ‘தட்டு’ என்பான். சிரிக்காமல், திட்டாமல் தட்டை எடுத்து நீட்டுங்கள். விழிப்பான். ‘ஓ, கட்டா கேட்டாய்?’ என்று நிதானமாகச் சொல்லிக் கட்டைக் கொடுங்கள். நாம் நூறு தடவை திருத்துவதைவிட இந்த ஒரு விழிப்பு மேல் என்பேன். காய்–தாய், கை–தை என்று படம் வரைந்தும் ஆடலாம்.

ஒலியே வராவிட்டால் பாயில் மல்லாக்கப் படுக்கவைத்துக் ‘க’ சொல்லச் சொல்லுங்கள். நாக்கு தானாகப் பின்னால் சரியும். அல்லது கழுவிய விரலால் தன் நாக்கு நுனியை அவனே அழுத்திக்கொள்ளட்டும், ‘த’வுக்கு வழியில்லை. வந்ததும் ‘கா, கீ, கூ’, பிறகு சொற்கள், பிறகு சிறு வாக்கியம் என்று ஏறுங்கள். ‘காக்கா’வில் இரண்டு ‘க’ இருப்பதால் அது கடினம், பொறுத்து வரட்டும்.

பல்லாங்குழிப் பலகை இருந்தால் இறக்குங்கள். குழிக்கு ஒரு புளியங்கொட்டை, கொட்டைக்கு ஒரு ‘கட்டு’; ஒரு சுற்றில் 14 முறை சொல்லிவிடுவான், பயிற்சி என்றே தோன்றாது. முயன்றாலே கொட்டை போடலாம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் கொட்டைகளை எண்ணி எடுத்துவையுங்கள், தொண்டையில் சிக்கும். நாளுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மற்ற நேரத்தில் அவன் ‘தாத்தா’ என்று கூரையைக் காட்டினால், ‘ஆமாம், காக்கா!’ என்று சொல்லிவிட்டுப் போய்விடுங்கள்.

இரண்டு மூன்று மாதத்தில் அசைவே இல்லையென்றால் பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். அயலாருக்கு அவன் பேச்சில் பாதிக்குமேல் புரியவில்லை என்றால் இப்போதே பாருங்கள்.

‘ழ’வுக்கு அவசரமில்லை. அது தாமதமாக வரும் ஒலி. நம் பக்கத்துப் பெரியவர்களிலேயே பலர் வாழைப்பழத்தை ‘வாளைப்பளம்’ என்றுதான் கேட்டு வாங்குகிறார்கள்.