எலிக்கு வந்த இதயச் செயலிழப்பு: சில கேள்விகள், சில பதில்கள்

இதய மருந்தியல் ஆய்வகத்தில் எலிகளோடு பல வருடம் குப்பை கொட்டியவன் நான். இதயச் செயலிழப்பு ஆய்வைப் பற்றி வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில் சொல்கிறேன்.

எம்.ஃபார்ம் மாணவி: அண்ணா, நன்றாக இருக்கிற எலிக்கு இந்த நோயை எப்படி வரவழைக்கிறார்கள்?

இதயத் தமனி ஒன்றைக் கட்டி மாரடைப்பு உண்டாக்கலாம். டால் வகை எலிக்கு 8 சதவீதம் உப்பு கலந்த தீனி கொடுத்து ரத்த அழுத்தத்தை ஏற்றலாம். சுண்டெலியில் அதிகம் செய்வது பெருந்தமனியை இறுக்குவது. 27 கேஜ் ஊசியைத் தமனியோடு சேர்த்து வைத்துப் பட்டு நூலால் முடிச்சுப் போட்டு, ஊசியை உருவிவிடுவார்கள். மிஞ்சும் துவாரம் ஏறக்குறைய 0.4 மி.மீ. அதன் வழியே ரத்தத்தைத் தள்ளித் தள்ளி இதயச் சுவர் முதலில் தடிக்கும், சில வாரங்களில் அறை விரிந்து தளரும். எல்லாம் கைப்பழக்கம்தான். நான் பழகிய காலத்தில் முடிச்சு நெகிழ்ந்துபோய், எட்டு வாரம் காத்திருந்து எக்கோ (இதயத்தின் ஒலியலைப் படம்) பார்த்தால் இதயம் குத்துக்கல் மாதிரி இருந்ததுண்டு.

அதே மாணவி: எலியா, சுண்டெலியா?

ஒரு மரபணுவை நீக்கிப் பார்க்க வேண்டுமென்றால் சுண்டெலி. மருந்து சோதனைக்கு எலி வசதி. அதன் இதயம் சுமார் 1 கிராம், சுண்டெலிக்கு அதில் பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான் வரும். டிஜாக்ஸின் என்ற பழைய இதய மருந்தை மட்டும் இரண்டிலும் சோதிக்காதீர்கள். அந்த மருந்து பிடித்துக்கொள்ள வேண்டிய சோடியம்-பொட்டாசியம் பம்ப், இவற்றில் அதற்கு எளிதில் மசியாது.

ஒரு வாசகர்: மனித இதயம் நிமிடத்துக்கு 70 தடவை துடிக்கிறது, சுண்டெலிக்கு 500, 600. இதை வைத்து நமக்கு என்ன தெரியப்போகிறது சார்?

கேட்க வேண்டிய கேள்வி. வேகம் மட்டுமில்லை, உள்ளே இயந்திரமும் வேறு. ஒவ்வொரு துடிப்புக்குப் பிறகும் இதயச் செல் கால்சியத்தை அப்புறப்படுத்த வேண்டும். எலியில் அதில் 92 சதவீதம் போல செல்லுக்குள் இருக்கும் சேமிப்பறைக்கே திரும்பிவிடும். முயலில் அது 70 சதவீதம்தான், மனிதனும் முயல் பக்கம். அதனால் துடிப்பு லயம் சம்பந்தப்பட்ட ஆய்வுக்கு முயலையோ கினிப்பன்றியையோ தேடுவார்கள்.

ஆனாலும் எலி ஏமாற்றாத இடம் உண்டு. பாஸ்டனில் மார்க் பெஃபரும் ஜானிஸ் பெஃபரும் மாரடைப்பு வந்த எலிகளுக்கு கேப்டோப்ரில் என்ற ரத்த அழுத்த மருந்தைக் கொடுத்தார்கள். அறை விரிவது குறைந்தது, ஆயுள் கூடியது. அதையே 2,231 நோயாளிகளிடம் பார்த்த சோதனை 1992இல் வெளியானது. இறப்பு 19 சதவீதம் குறைந்திருந்தது.

இன்னொரு பக்கம், டிஎன்எஃப் என்ற அழற்சிப் புரதத்தை இதயத்தில் அளவுக்கு மீறிச் சுரக்க வைத்த சுண்டெலிகளுக்கு இதயம் தளர்ந்தது. அதைத் தடுத்தால் தேறின. மனிதர்களுக்கு டிஎன்எஃபைத் தடுக்கும் எட்டனர்செப்ட் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். பலன் தெரியாமல் 2001இல் சோதனைகளை நிறுத்தினார்கள். என் கணிப்பு இதுதான்: தழும்பு விழுந்த சுவர் பாரம் தாங்காமல் விரிவது எலிக்கும் நமக்கும் பொது. டிஎன்எஃப் சுண்டெலியிலோ நாமே போட்ட பூட்டை நாமே திறந்தோம். நோயாளியின் கதவில் அந்த ஒரு பூட்டு மட்டுமா இருக்கிறது?

கால்நடை மருத்துவர் ஒருவர்: இதயம் சுருங்கி ரத்தத்தைத் தள்ளுவது சரியாக இருந்தும் மூச்சு வாங்கும் செயலிழப்பு வகைக்கு விலங்கு மாதிரி உண்டா?

சர்க்கரை, பருமன், ரத்த அழுத்தம் உள்ள வயதானவர்களிடம் நிறையப் பார்க்கிற வகை. 2019இல் டெக்சாஸ் குழு ஒன்று கொழுப்புத் தீனியோடு, தண்ணீரில் எல்-நேம் கலந்து கொடுத்து இதைச் சுண்டெலியில் கொண்டுவந்தது. எல்-நேம் ரத்தக்குழாயைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடு உருவாவதைத் தடுக்கும். வாங்கும்போது கவனம் டாக்டர்: அவர்கள் எடுத்தது பிளாக்-6 சுண்டெலியில் ‘என்’ வகை. ‘ஜே’ வகையில் மைட்டோகாண்ட்ரியா சம்பந்தப்பட்ட மரபணு ஒன்று பழுது.

ஆய்வு மாணவர்: எக்கோவில் எண்கள் ஆளுக்கு ஆள் மாறுகின்றனவே?

மயக்க மருந்தைப் பாருங்கள். ஐசோஃப்ளூரேன் கூடினால் நல்ல இதயமும் சோர்ந்து தெரியும். சுண்டெலியின் துடிப்பு 400க்குக் கீழே போய்விட்டால் அந்தப் படத்தை நான் கணக்கில் எடுக்க மாட்டேன். அப்புறம், அளப்பவருக்கு எது எந்தக் குழு என்று தெரியக்கூடாது.

பி.ஃபார்ம் மாணவர்: ஐசோபுரோட்டெரினால் ஊசி போட்டு மருதம்பட்டைச் சாற்றைச் சோதிக்கிறோம். ‘இதயச் செயலிழப்புக்கு மருந்து’ என்று தலைப்பு வைக்கலாமா?

வேண்டாம் தம்பி. அந்த ஊசி இரண்டு நாளில் இதயத் தசையைச் சாகடிக்கிறது, அவ்வளவுதான். நீங்களோ சாற்றை ஊசிக்கு முன்பே வாரக்கணக்கில் கொடுத்திருப்பீர்கள். எந்த நோயாளி நோய் வருவதற்கு முன்பே உங்களிடம் வருகிறார்? செலவு குறைவு, சீக்கிரம் முடியும், அதனால் எல்லாக் கல்லூரியிலும் இதைச் செய்கிறார்கள். தமனி கட்டிய எலியில், தழும்பு ஆறி அறை விரிந்ததை எக்கோவில் பார்த்த பிறகு சாற்றைத் தொடங்குங்கள். ஒப்பிட்டுப் பார்க்க, ஏற்கெனவே புழக்கத்தில் உள்ள எனலாப்ரில் மருந்து கொடுத்த குழு ஒன்றும் பக்கத்திலேயே இருக்கட்டும். விலங்கு நெறிமுறைக் குழுவின் அனுமதிக்கு விண்ணப்பிக்கும்போதே இதை எழுதிவிடுங்கள், பாதியில் மாற்றுவது பெரிய தலைவலி.