ஐந்து விழுமியங்கள்

அன்புள்ள ஐயா,

எனக்கு 34 வயது. சொந்த ஊர் தேவிபட்டினம், சென்னையில் மென்பொருள் வேலை. போன மாதம் அலுவலகத்தில் இரண்டு நாள் பயிற்சி வகுப்பு நடந்தது. ‘உங்களுடைய ஐந்து முக்கிய விழுமியங்களை எழுதுங்கள்’ என்றார்கள். நேர்மை, சுதந்திரம், குடும்பம், கருணை, கற்றல் என்று எழுதினேன். பக்கத்தில் இருந்தவரும் கிட்டத்தட்ட அதையேதான் எழுதியிருந்தார். அன்றிலிருந்து தூக்கம் சரியில்லை. நான் யார் என்றே எனக்குத் தெரியவில்லையோ என்று தோன்றுகிறது. தன்னை அறிவது எப்படி? தியானம் உதவுமா? வேலையை விட்டுவிட்டுக் கொஞ்ச காலம் ஊரில் இருந்து பார்க்கட்டுமா?

வா.

அன்புள்ள வா.,

கடிதத்தைப் பாதிக்கு மேல் வெட்டித்தான் போட்டிருக்கிறேன். வெட்டியதெல்லாம் நீங்கள் எப்படிப்பட்டவர் என்று நீங்களே எழுதியவை. கோபித்துக்கொள்ளாதீர்கள்.

தியானம் செய்யுங்கள், கெடுதல் இல்லை. வீட்டுக் கடன் இருக்கிறது என்கிறீர்கள், அதனால் வேலையை விடாதீர்கள். தாயுமானவர் விடவில்லையா என்பீர்கள். விட்டார்தான், திருச்சியில் விஜயரங்க சொக்கநாத நாயக்கரிடம் பார்த்த பெரிய உத்தியோகத்தை. அவருக்கு மாதத் தவணை கிடையாது. அவருடைய சமாதி ராமநாதபுரத்தில், உங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத்தில் இருக்கிறது. ஒரு தடவையாவது போயிருக்கிறீர்களா?

பக்கத்தில் இருந்தவரும் அதையே எழுதினார் என்ற இடத்தில்தான் எனக்குப் பதில் எழுதத் தோன்றியது. வேறு என்ன எழுதுவார்? நேர்மை வேண்டாம் என்று எவன் எழுதுவான்? கைக்காசு போகாத பட்டியல் எல்லாருக்கும் ஒன்றுபோலத்தான் இருக்கும். கைக்கு எட்டுகிற ஒன்றை, தடுக்க ஆளில்லாத இடத்தில் எடுக்காமல் விடுகிறோமா என்பதில்தான் ஆள் தெரியும். பாம்பன் சின்னப்பாலத்தில் கொஞ்ச காலம் வாடகைக்கு இருந்ததிலிருந்து இது மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது.

அங்கே பெண்கள் கடலில் பாசி எடுக்கிறார்கள். மரிக்கொழுந்துப் பாசிக்கு நல்ல விலை, அகர் அகர் காய்ச்சப் போகிறது. சேலைக்கு மேல் ஆண்பிள்ளை டீ ஷர்ட், கண்ணுக்குக் கண்ணாடி, இடுப்பில் பை, விரல்களில் பழைய துணிக் கிழிசல். மூச்சைப் பிடித்து முங்கி, பாறையில் ஒட்டியிருப்பதைக் கையால் பிடுங்க வேண்டும். கரைக்கு வந்து துணியை அவிழ்த்தால் விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கி, கீறல் கீறலாக இருக்கும். உப்புத் தண்ணீரில் அது எப்படி எரியும் என்று தேவிபட்டினத்துக்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா?

அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள், ஆக மாதத்துக்கு 12 நாள் போதும் என்று அவர்களே பேசி வைத்திருக்கிறார்கள். ஏப்ரல், மே வாக்கில் 45 நாள் இறங்குவதே இல்லை, பாசி வளரட்டும் என்று. அந்தச் சமயத்தில் வருகிற அரசுத் தடை விசைப்படகுகளுக்கு. கையால் பாசி பிடுங்குகிறவளை அது ஒன்றும் செய்யாது. 1986இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைத் தேசியப் பூங்காவாக அறிவித்த பிறகு வனத்துறையோடு இழுபறி, கடலை அழிக்கிறவர்கள் என்ற பேர் வேறு. அந்தப் பேரோடுதான் இந்தக் கட்டுப்பாடும். 2015இல் சின்னப்பாலத்துப் பெண் ஒருவருக்கு வெளிநாட்டு விருதே கிடைத்தது.

அந்த 45 நாளில் ஒருநாள், பக்கத்து வீட்டு அக்கா மளிகைக்கடைக் கடனைப் பற்றிப் புலம்பிக்கொண்டிருந்தார். “ஒருநாள் விடியக்காலம் போயிட்டு வந்தா யாருக்குக்கா தெரியும்?” என்று கேட்டேன்.

“ஏன், எங்கூட முங்குறவளுக்குத் தெரியாதா?” என்றார். அப்புறம் வட்டிக்காரர் வருகிற நேரம் என்று எழுந்து போய்விட்டார்.

மனசாட்சி என்று அவர் சொல்லவில்லை, கவனியுங்கள். கண்ணை மூடி உள்ளே போய்த் தேடவும் இல்லை. தான் யார் என்பது பக்கத்தில் முங்குகிறவளுக்குத் தெரியும் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. உங்களுக்கோ தனி அறை, நோட்டு, பயிற்சியாளர் எல்லாம் தேவைப்படுகிறது. உடனே அந்த அக்காவைத் தெய்வமாக்கிவிடாதீர்கள். குழாயடியில் அவர் வாய் திறந்தால் நீங்கள் பாம்பன் பாலத்தைத் தாண்டித்தான் நிற்பீர்கள்.

நான் வெட்டிய பகுதியில் ஒரு வரி இருந்தது. அம்மாவுக்குக் கண்புரை ஆபரேஷன், தங்கை பார்த்துக்கொள்கிறாள் என்று. கடிதத்திலேயே ‘நான்’ இல்லாத வரி அது ஒன்றுதான். அடுத்த வரியிலேயே பயிற்சி வகுப்புக்குத் திரும்பிவிட்டீர்கள். உங்கள்கூட முங்குகிறவள் அந்தத் தங்கைதான் தம்பி. அண்ணன் எப்படிப்பட்டவன் என்று அவளிடம் கேளுங்கள், ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவாள். கேட்கப் பயமாக இருக்கும். எனக்கும் என் தங்கையிடம் கேட்கப் பயம்தான்.

படிக்கப் புத்தகங்கள் சொல்லச் சொல்லியிருந்தீர்கள். இப்போது சொல்வதாக இல்லை. லீவு போட்டு ஊருக்குப் போங்கள். அம்மாவுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விடுகிற முறை முடியட்டும், அப்புறம் எழுதுங்கள்.