டோக்கியோவில் வெளிநாட்டவருக்கு வீடு மறுக்கப்பட்டால்

டோக்கியோவுக்கு வேலைக்கு வந்து, வாடகைக்குக் கேட்ட மூன்று வீடுகளும் மறுக்கப்பட்டுவிட்டன என்கிறீர்கள். வீடுகளை வாடகைக்கு விடும் ‘யு.ஆர்.’ (UR) அமைப்பின் குடியிருப்புக்கு விண்ணப்பியுங்கள். அரசு சார்ந்த அந்த அமைப்பு உத்தரவாதம் தர ஆள் கேட்பதில்லை. ‘ரெய்கின்’ என்று வீட்டுக்காரருக்குத் தரும், திரும்பி வராத தொகையும் தரகும் அங்கே கிடையாது. மாத வருமானம் பொதுவாக வாடகையைப் போல் நான்கு மடங்கு வேண்டும். குறைந்தால் ஓராண்டு வாடகையை முன்கூட்டியே கட்டலாம்.

மூன்று வீடுகள் கைவிட்டுப் போனதற்கு உங்களிடம் குறை தேடாதீர்கள். ஜப்பான் நீதி அமைச்சகம் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், வீடு தேடிய வெளிநாட்டவரில் 39.3 சதவீதத்தினர் வெளிநாட்டவர் என்பதாலேயே மறுக்கப்பட்டதாகக் கூறினார்கள். வேலைக்குக் கூப்பிட்டுவிட்டு வாசலில் நிறுத்திவைப்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

ஆனால் பல நேரங்களில் மறுப்பது வீட்டுக்காரர் அல்ல, வாடகைக்கு உத்தரவாதம் தரும் நிறுவனம். தரகரிடம் இதை நேராகக் கேளுங்கள்:

1. மறுத்தது யார்?
2. நிறுவனம் என்றால், வேறொரு நிறுவனம் வழியாக மறுபடி விண்ணப்பிக்க முடியுமா?

அவசரத் தொடர்புக்கு ஜப்பானிய மொழி பேசும் சக ஊழியர் ஒருவரின் பெயரைக் கொடுங்கள். தயக்கம் பெரும்பாலும் மொழியில்தான் தொடங்குகிறது.

யு.ஆர். வீடுகள் பலவற்றில் ஏசி, விளக்கு, அடுப்பு இருக்காது. அதற்கும் பணம் ஒதுக்குங்கள். குறுகியகாலப் பயண விசாவில் இருப்பவருக்கு இந்த வழி இல்லை.